பவர் ஷட்டர் நின்றால் மோட்டரைக் கடைசியாகப் பாருங்கள்

கினிகத்தேனையைத் தாண்டி ஹட்டனை நோக்கி ஏ7 வீதியில் ஏறத் தொடங்கினால் காரின் கண்ணாடிகளுக்கு ஓய்வு கிடையாது. வட்டவளையில் மழை பிடித்துக்கொள்ளும், உடனே கண்ணாடியை ஏற்ற வேண்டும். ஏற்றிய சற்று நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்று படிந்து முன்கண்ணாடி மங்கும், கொஞ்சம் இறக்க வேண்டும். கொட்டகலைப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் வளைவுக்கு அப்பால் வரும் பஸ்ஸைக் கண்ணால் காண முடியாது, அதன் ஹோர்ன் சத்தத்தைக் காதால்தான் பிடிக்க வேண்டும் என்பதால், குளிரைப் பொறுத்துக்கொண்டு சாரதி பக்கத்துக் கண்ணாடியைத் திறந்து வைத்தே ஓட்டுகிறோம். கொழும்பில் ஏசியைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் மூடிய கண்ணாடியோடு ஓடுகிற காருக்கும் இங்கே ஓடுகிற காருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அதனால் இங்கே பவர் ஷட்டர், அதாவது சுவிட்சை அமுக்கினால் மோட்டரால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு, வேலை செய்யாமல் போவதைச் சின்னக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. இறங்கிய நிலையில் நின்றால் மழை முழுவதும் உள்ளே வரும். ஏறிய நிலையில் நின்றால் பாதையும் தெரியாது, எதிரே வருவதும் கேட்காது.

எங்கள் கார் 1990களின் கடைசியில் ஜப்பானில் செய்யப்பட்ட ஒரு செடான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டிலிருந்த பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. மாற்றி வாங்கும் எண்ணத்தை எங்களைப் போன்ற பலர் அப்போதே கைவிட்டார்கள். இருப்பதைப் பேணிக் காப்பது என்று முடிவெடுத்த பிறகு, அதன் ஒவ்வோர் உறுப்பும் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்துகொள்ளும் ஆவல் தானாகவே வந்தது. பவர் ஷட்டரைப் பற்றி நான் இங்கே எழுதுவது, அப்படி ஒரு மழைக்காலத்தில் எங்கள் காரின் சாரதி பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றபோது கற்றுக்கொண்டது.

முதலில் போன கராஜில், சுவிட்சை அமுக்கிப் பார்த்த கையோடு, மோட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது ஏதோ ஓர் இடத்தில் மட்டும் நடப்பதல்ல. கண்ணாடி நகரவில்லை என்றால் மோட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது நம்மிடையே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பாவித்த மோட்டர் ஒன்றை வாங்கி மாட்டினால் சில வேளைகளில் கண்ணாடி ஓடவும் செய்யும், ஏனென்றால் கழற்றிப் பூட்டும்போது வயர்கள் அசைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். இரண்டு மாதத்தில் பழைய கதை திரும்பும். மோட்டர் கெடுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மலையகத்தின் ஈரத்திலும் குளிரிலும் இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய காரில் மோட்டருக்கு முன்னால் கெடுகிற இடங்கள் மூன்று உண்டு: கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையில் போகும் வயர், சாரதியின் கைக்கடியில் இருக்கும் சுவிட்ச், கண்ணாடி ஓடுகிற ரப்பர். இந்த மூன்றையும் பார்க்காமல் மோட்டருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவின் உள்ளே 12 வோல்ட்டில் இயங்கும் ஒரு நேரோட்ட மோட்டர் இருக்கிறது. அதன் தண்டிலுள்ள திருகுப்பல் ஒரு பற்சில்லைச் சுழற்றுகிறது. அந்தப் பற்சில்லு, கத்தரிக்கோல் போலக் குறுக்காக விரியும் இரும்புக் கைகளையோ, ஒரு கம்பி வடத்தையோ இயக்கிக் கண்ணாடியைத் தூக்குகிறது. திருகுப்பல் அமைப்பின் இயல்பு என்னவென்றால், மோட்டர் பற்சில்லைச் சுழற்றலாம், பற்சில்லு மோட்டரைச் சுழற்ற முடியாது. வெளியிலிருந்து கையால் அழுத்திக் கண்ணாடியை இறக்க முடியாமல் இருப்பது இதனால்தான். மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் கண்ணாடி ஏறும், திசை மாறினால் இறங்கும். ஆகவே ஏறுவதற்கு ஒரு மோட்டர், இறங்குவதற்கு இன்னொன்று என்று கிடையாது. இறங்குகிறது, ஏறவில்லை என்றால் மோட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் சுவிட்சையும் வயரையும் சந்தேகிப்பதே முறை.

ஹட்டனில் வாகன வயரிங் வேலை செய்யும் ஒரு மூத்தவர் இருக்கிறார். நான் ஆசிரியர் என்பதால் என்னை "சேர்" என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை அண்ணே என்பேன். நான் மோட்டர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சேர், மோட்டருக்கு அவசரப்படாதீங்க. உள் லைட்டப் போட்டுட்டு சுவிட்ச அமுக்குங்க. லைட் மங்குதான்னு மட்டும் பாருங்க."

"மங்கினா என்னண்ணே?"

"மங்கினா கரண்ட் மோட்டருக்குப் போகுது, என்னமோ அதப் புடிச்சு வச்சிருக்கு. மங்கலன்னா கரண்டே போகல. அப்ப மோட்டரக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்?"

இந்தச் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தால் தெளிவாகத் தெரியும். மோட்டர் ஓடும்போது சில ஆம்பியர்களை இழுக்கும், ஓட முடியாமல் இறுகி நின்றால் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். அந்த இழுப்பில் உள் விளக்கு சற்று மங்கும். நோய் மின்சாரப் பக்கத்திலா, இயந்திரப் பக்கத்திலா என்பது அந்த ஒரு மங்கலிலேயே பிரிந்துவிடுகிறது. எங்கள் காரில் விளக்கு சில நேரம் மங்கியது, சில நேரம் அசையாமல் நின்றது. பிறகு தெரியவந்தது, இரண்டு பக்கத்திலும் குறை இருந்தது என்று.

கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடிக்கொண்டே சுவிட்சை அமுக்கச் சொன்னார். கதவு பாதி திறந்த ஒரு நிலையில் கண்ணாடி விருட்டென்று ஏறியது. அவர் ஒன்றும் பேசாமல் கதவின் கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குழாயின் முனையைப் பெயர்த்துப் பின்னால் தள்ளினார். கதவுக்குப் போகிற வயர்கள் எல்லாம் அந்தக் குழாய்க்குள்தான் போகின்றன. உள்ளே இருந்த வயர்க் கட்டுக்குள் ஒரு தடித்த வயரின் மேலுறை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் செம்பு இழைகள் தெரிந்தன. செம்பின் நிறம் எங்குமே இல்லை, முழுவதும் பச்சைக் களிம்பு. நகத்தால் தொட்டதும் பல இழைகள் பொடியாய் உதிர்ந்தன. மீதி இரண்டு மூன்று இழைகள் மட்டும் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டிருந்தன.

காரணம் எளிது. சாரதியின் கதவுதான் எல்லாக் கதவுகளையும் விட அதிகம் திறந்து மூடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த வயர்கள் ஒரே இடத்தில் மடிந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் போகப்போக உறை இறுகி வெடிக்கிறது, இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. உலர்ந்த ஊரில் இது இன்னும் பல காலம் தாக்குப்பிடிக்கும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை பெய்கிற வட்டவளை வழியாகத் தினமும் போய் வரும் வாகனத்தில், வெடிப்புக்குள் ஈரம் இறங்கிச் செம்பை அரிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கதவின் உட்பகுதி ஒருநாளும் முழுதாகக் காய்வதில்லை.

இந்த இடத்தில் பலரை ஏமாற்றுகிற ஒரு விஷயம் உண்டு. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால், அறுந்தும் அறாமலும் இருக்கிற இந்த வயரில் 12 வோல்ட் காட்டும். மீற்றர் இழுக்கிற மின்னோட்டம் மிகமிகச் சிறியது, அதற்கு ஒரே ஓர் இழை போதும். சிறிய சோதனை பல்பும் எரியும். அதை நம்பி, வயர் நன்றாக இருக்கிறது, மோட்டர்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அண்ணன் பயன்படுத்தியது முன்விளக்கின் பழைய பல்ப் ஒன்று. 55 வாட் இழை 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதலாகவே இழுக்கும். மோட்டர் கேட்கும் அளவுக்கு அது ஓரளவு நெருங்கியது. மோட்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த இரு முனைகளுக்கு இடையில் பல்பை வைத்து, ஏற்றும் பக்கமும் இறக்கும் பக்கமும் சுவிட்சை அமுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வெள்ளையாக எரிந்தால் வயரும் சுவிட்சும் சரி. மங்கலாகச் சிவந்து எரிந்தால் வழியில் எங்கோ மின்சாரம் தடைப்படுகிறது. முன்விளக்குப் பல்ப் சூடாகும் என்பதால் அதைச் சீற்றின் மீது வைக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுந்த வயரை அதே இடத்தில் முறுக்கி டேப் சுற்றிவிடுவது வேலையே அல்ல. ஈயம் வைத்து ஒட்டினாலும், ஒட்டிய இடம் விறைத்துப்போவதால், மடியும்போது அதன் ஓரத்தில் மீண்டும் அறுந்துவிடும். சரியான முறை, மடிகிற பகுதி முழுவதையும் நீக்கிவிட்டு, நுண் இழைகள் பல கொண்ட வளையும் தன்மையுள்ள வாகன வயரை அதே தடிப்பில் எடுத்து, ஓர் இணைப்பைக் கதவின் உள்ளேயும் மற்ற இணைப்பைக் காரின் உடலின் உள்ளேயும் வைப்பதுதான். ரப்பர் குழாய்க்குள் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. வீட்டு மின் இணைப்புக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரை இங்கே இழுக்கவே கூடாது. அது சில வாரங்கள்கூட மடிப்பைத் தாங்காது. ஒரு வயர் போய்விட்டது என்றால் பக்கத்தில் உள்ளவையும் அதே வயதினவைதான். அவற்றையும் அப்போதே மாற்றிவிட்டால் கதவுப் பூட்டும் ஸ்பீக்கரும் பின்னால் தொல்லை தராது.

அடுத்து சுவிட்ச். சாரதியின் கதவில் இருக்கும் தலைமைச் சுவிட்சைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பழைய ஜப்பானிய கார்களில், எதையும் அமுக்காத நிலையில், மோட்டரின் இரண்டு வயர்களும் இந்தச் சுவிட்ச் வழியாகவே எர்த்தோடு (பெட்டரியின் மறை முனை இணைந்திருக்கும் காரின் உடலோடு) இணைந்திருக்கின்றன. அமுக்கும்போது ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டு 12 வோல்ட்டுக்குத் தாவுகிறது, மற்றது எர்த்திலேயே நிற்கிறது. ஆகவே கண்ணாடி ஏறுவதற்கு இரண்டு தொடுமுனைகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று கருகினாலும் ஒரு திசை நின்றுவிடும். மற்ற மூன்று கதவுகளின் மோட்டர்களும் தங்கள் சொந்தச் சுவிட்சைத் தாண்டி, சாரதியின் சுவிட்ச் வழியாகவே எர்த்துக்கு வருகின்றன. அதனால் நான்கு கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றால் நான்கு மோட்டர்கள் ஒன்றாகக் கெட்டதாக எண்ணிக் கலங்க வேண்டாம். பியூஸ், ரிலே, இந்தச் சுவிட்சுக்கு வரும் எர்த் வயர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் போயிருக்கும். சாரதியின் கண்ணாடி மட்டும் ஓடி மற்ற மூன்றும் நின்றால், அதே சுவிட்சில் இருக்கும் பூட்டுப் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சுவிட்சைத் திறக்கும்போது அதை ஒரு பெரிய தெளிவான பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு திறப்பது நல்லது. உள்ளே இருக்கும் நுண்ணிய ஸ்பிரிங்குகளும் குண்டுகளும் தெறித்துப் போனால் தேடிப் பிடிக்க முடியாது. கருகிய தொடுமுனையை அரத்தால் ராவக் கூடாது, மேலே இருக்கும் வெள்ளிப்பூச்சு மிக மெல்லியது. ஆயிரம் நம்பர் வோட்டர் பேப்பரின் ஒரு கீற்றை எடுத்து, கறுப்பு போகும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்து, கொன்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்தினால் போதும். தொடுமுனைகள் ஏன் கருகுகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். கண்ணாடி உச்சிக்குப் போன பிறகும் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ரப்பர் இறுகியதால் மோட்டர் திணறித் திணறி ஓடி, தேவைக்கு மேல் மின்சாரத்தை இழுப்பது. சுவிட்சில் கருகல் கண்டால் ரப்பரையும் பார்க்காமல் கதவை மூடாதீர்கள்.

இனிக் கதவைத் திறப்பது. பெட்டரியின் மறை முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். டோர் போர்டை, அதாவது கதவின் உட்பக்கத்து அட்டையை, பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் பெரும்பாலும் கைபிடிக்குள்ளும், உள்பக்கத்துத் திறப்பானின் கிண்ணத்துக்குள்ளும் சிறிய மூடிகளின் பின்னால் மறைந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு, ஓரங்களில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, போர்டை மேல்நோக்கித் தூக்க வேண்டும். நுவரெலியாவின் விடியற்குளிரில் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது. குளிரில் பழைய பிளாஸ்டிக் கண்ணாடியைப் போல உடையும். வெயில் ஏறிய பிறகு, கதவு சற்றுச் சூடானதும் செய்தால் பாதிக் கிளிப்புகளாவது பிழைக்கும். போர்டுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும். அதைக் கிழிக்காமல், கத்தியின் முனையால் பசையை அறுத்தறுத்து ஒரு பக்கமாக மடியுங்கள். அந்த விரிப்பைப் பற்றிக் கொஞ்சம் தள்ளி விரிவாகச் சொல்கிறேன்.

மோட்டரையோ கத்தரி அமைப்பையோ கழற்றுவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கண்ணாடியை ஏற்றிய நிலையில் நிறுத்தி, கதவின் மேல் விளிம்போடு சேர்த்து அகலமான மாஸ்கிங் டேப்பால் இருபுறமும் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் போல்ட்டை அவிழ்த்ததும் கண்ணாடி கதவுக்குள் விழும். கண்ணாடியின் முகம் அடியைத் தாங்கும், விளிம்பு தாங்காது. இரண்டாவது எச்சரிக்கை விரல்களைப் பற்றியது. கத்தரி அமைப்பில் கண்ணாடியின் பாரத்தைச் சமன் செய்ய ஒரு சுருள் ஸ்பிரிங் முறுக்கேறிய நிலையில் இருக்கும். மோட்டரைக் கழற்றிய நொடியில் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை, பற்கள் கொண்ட கை விசையோடு சுழன்று அடிக்கும். விரல் இடையில் இருந்தால் பெரும் காயம் நிச்சயம். மோட்டரை எடுக்கும் முன் அந்தக் கையையும் தகட்டையும் சேர்த்து ஒரு போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும், அல்லது வைசில் பிடித்துக்கொள்ள வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் இந்த ஒரு கட்டத்தை மட்டுமாவது தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

மோட்டரைத் தனியே எடுத்து பெட்டரியில் நேரடியாகக் கொடுத்துப் பார்த்தால், அது நல்லதா கெட்டதா என்பது உடனே தெரிந்துவிடும். எங்கள் காரில் அது இரு திசையிலும் தடையின்றி ஓடியது. ஓடாத மோட்டரையும் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. உள்ளே வெப்பத்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு காப்பு இருக்கிறது. திரும்பத் திரும்ப அமுக்கிச் சூடேற்றிவிட்டால் அது வெட்டிவிடும், சற்று நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். மோட்டரின் உடலை மரக்கைபிடியால் இலேசாகத் தட்டும்போது ஓடத் தொடங்கினால், அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள், அதை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கைகாரர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பற்சில்லின் மேலிருக்கும் கிறீஸ் காய்ந்து மெழுகு போல இறுகியிருந்தால் வழித்தெடுத்துப் புதியதைத் தடவ வேண்டும்.

ரப்பரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் பார்க்காத இடம் அதுதான். கண்ணாடியின் இரு பக்கங்களும் மேல் விளிம்பும் ஓடுகிற பீடிங் ரப்பரின் பள்ளத்துக்குள் மெல்லிய பஞ்சுப் பூச்சு ஒன்று இருக்கும். புதிதில் கண்ணாடி அதன் மேல் வழுக்கி ஓடும். ஆண்டுகள் போக அந்தப் பூச்சு தேய்ந்து, அதன் இடத்தில் வீதியின் செம்மண் சேறும், தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு (கிரெவிலியா) மரங்களின் சருகுப் பொடியும் அப்பிக்கொள்கின்றன. ரப்பர் இறுகிச் சுருங்கிக் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிறது. காலையில் மெதுவாக ஏறி, மதிய வெயிலில் சரியாக ஏறுகிற கண்ணாடி என்றால், நோய் வயரில் இல்லை, ரப்பரிலோ கிறீசிலோதான் என்று துணிந்து சொல்லலாம்.

நம் பக்கத்தில் பலர் இதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். தென்னை வளரும் ஊர்களில் அதனால் உடனடித் தொல்லை வராமல் இருக்கலாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான். இங்கே சமையலறைப் போத்தலில் எண்ணெய் வெள்ளையாய் உறைந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். அதே எண்ணெய் ரப்பர் பள்ளத்துக்குள் உறைந்து, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வழுக்க வேண்டிய கண்ணாடியை ஒட்டவைக்கிறது. என்ஜின் ஒயிலும் கிறீசும் வேறு விதமாகக் கெடுக்கும். இந்த வகை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி ஊதும், ஊதினால் பள்ளம் இன்னும் குறுகும். செய்ய வேண்டியது இதுதான்: சவர்க்கார நீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் பள்ளத்தின் முழு நீளத்தையும் தேய்த்துக் கழுவி, அழுக்கு நீர் தெளிந்து வரும்வரை துணியால் இழுத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கோன் ஸ்பிரேயை மெல்லியதாக அடிக்க வேண்டும். பிறகு கண்ணாடியைச் சில தடவை ஏற்றி இறக்கினால் அது பள்ளம் முழுவதும் பரவும். வயரைத் திருத்திய பின்னும் திணறிக்கொண்டிருந்த எங்கள் கண்ணாடி, இந்த வேலை முடிந்ததும் சத்தமே இல்லாமல் ஏறியது.

இனி அந்தப் பிளாஸ்டிக் விரிப்பு. கதவுக்குள் மழைநீர் போகவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். எந்தக் காரிலும் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வழியும் நீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கிய நீர் கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகளால் வெளியேற வேண்டும் என்பதே அமைப்பு. சருகும் சேறும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளே தேங்கும், கதவைத் திறக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்கும், கொஞ்ச காலத்தில் அடித்தகடு துருப்பிடித்துவிடும். துளைகளைக் கழிவு பிளாஸ்டிக் குச்சி ஒன்றால் குத்தித் திறவுங்கள். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பெயின்ட் சுரண்டுப்பட்டு அங்கிருந்தே துரு தொடங்கும். விரிப்பின் வேலை, கதவுக்குள் தெறிக்கும் நீரை டோர் போர்டின் பக்கம் வரவிடாமல் மறிப்பது. முன்பு யாரோ கிழித்துவிட்டு அப்படியே மூடிய கார்கள் நம்மிடையே ஏராளம். அவற்றில் நீர் போர்டுக்குள் ஊறி, அட்டை உப்பி, சுவிட்சுக்குள்ளும் ஈரம் ஏறுகிறது. புதிய விரிப்புக்கு விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். தோட்டங்களுக்கு வரும் உரப்பையின் உள்ளே இருக்கும் தடித்த பொலித்தீனைக் கழுவிக் காயவைத்து, பழையதன் அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் ஒட்டினால் பல ஆண்டுகளுக்கு இருக்கும். கீழ் விளிம்பை மட்டும் கதவின் உட்பக்கமாகச் செருகிவிட வேண்டும், அப்போதுதான் விரிப்பில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழுந்து துளை வழியாகப் போகும். வெளியே தொங்கவிட்டால் அத்தனையும் காரின் தரைவிரிப்புக்குத்தான் வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு மோட்டரோ சுவிட்சோ உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால், கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பாகங்கள் கிடைக்கும். ஜப்பானிலும் நம்மைப் போலவே வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன, சாரதி வலப்பக்கம் இருக்கிறார் என்பதால் தலைமைச் சுவிட்ச் அப்படியே பொருந்தும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், பிளக்கின் வடிவத்தையும் அதிலுள்ள முனைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மொடலிலும் ஒட்டோ இறக்கம் (ஒருமுறை அமுக்கினால் கண்ணாடி தானாகவே முழுவதும் இறங்குவது) உள்ளதற்கும் இல்லாததற்கும் பிளக் வேறுபடும். இடக்கதவு மோட்டரும் வலக்கதவு மோட்டரும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடையிலேயே ஒரு பெட்டரியில் கொடுத்து இரு திசையிலும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

டோர் போர்டை மாட்டுவதற்கு முன், கதவைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் கண்ணாடியை ஓட்டிப் பார்த்து, பூட்டுக் கம்பியும் திறப்பானின் கம்பியும் தங்கள் கொக்கிகளில் சரியாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வயதுடைய பெரும்பாலான கார்களில் இடையில் கை இருந்தால் தானாக நின்று இறங்கும் பாதுகாப்பு கிடையாது. திணறிக்கொண்டிருந்த காலத்தில் பலவீனமாக ஏறிய கண்ணாடி, திருத்திய பிறகு முழு விசையோடு ஏறும். பழைய கார்களின் சுவிட்சுகள் பல, ஒரு முனையை அமுக்கினால் ஏறி மறு முனையை அமுக்கினால் இறங்கும் வகை. தலையை வெளியே நீட்டியிருக்கும் குழந்தையின் முழங்கால் அதில் பட்டாலே கண்ணாடி ஏறிவிடும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகுதான், மேல்நோக்கி இழுத்தால் மட்டும் ஏறுகிற சுவிட்சைக் கட்டாயமாக்கும் ஏற்பாடு 2005 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நம் கார்கள் அதற்கு முந்தியவை. பின்சீற்றில் குழந்தைகள் ஏறியதும் பூட்டுப் பொத்தானை அமுக்கிவிடுங்கள், பெட்ரோல் அடிக்கவோ தேநீர் குடிக்கவோ இறங்கும்போது சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.